பிளக்ஸ் பேனரும் ரீல்ஸும் ஒன்றுதானா? "இவண்" எங்கே போச்சு?

வைகைக்கரை | 14 மார்ச் 2025, காலை

சந்தேகம் இல்லை, குற்றச்சாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள், காதுகுத்து, பதவியேற்பு, எதற்கெடுத்தாலும் பேனர் வைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது சிரித்தவன், சிரிக்காதவன் எல்லாருமே கைபேசிக்குள் தனக்குத்தானே பேனர் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதே கவன ஈர்ப்பு, அதே தற்பெருமை. வித்தியாசம் சவுக்குக் கட்டை இல்லை என்பது மட்டும்தான். இல்லை என்று யாராவது மறுக்க முடியுமா?

அச்சுக்கூடம் | 14 மார்ச், இரவு

மறுக்கிறேன். பேனரைத் தூரத்திலிருந்து பார்த்தவர் பேசுகிற பேச்சு இது.

பிளக்ஸ் என்பது சதுர அடிக் கணக்கு. 8 அடிக்கு 6 அடி என்றால் 48 சதுர அடி. இதில் யார் முகம் எத்தனை அடி என்பது கடையில் உட்கார்ந்து பேசி முடிவாகிற விஷயம். நடுவில் நாயகன், தலைக்கு மேல் வட்டத்துக்குள் தலைவர்கள், கீழே ஒரு வரிசை சின்ன முகங்கள், அதற்கும் கீழே "இவண்" போட்டுப் பெயர்கள். கீழ்வரிசைக்காரர் ஒவ்வொருவரும் பங்கு போட்டிருப்பார். பங்கு போட்டவர் படம் விட்டுப்போனால் அந்த பேனர் ஏறாது, ஏறினாலும் பொழுது விடிவதற்குள் இறங்கும்.

சாலையில் போகிறவன் நாலு விநாடியில் இதையெல்லாம் படித்துவிடுகிறான். யாருக்காக, யார் காசு, யாருக்கு யார் வேண்டியவர் எல்லாம் அந்தத் துணியிலேயே எழுதியிருக்கிறது. தற்பெருமைதான், ஆனால் கையெழுத்துப் போட்ட தற்பெருமை. ரீல்ஸில் அந்தக் கீழ்வரியைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

பின்பெஞ்ச் | 15 மார்ச்

அண்ணே, ரொம்ப உருகாதீங்க. பாதி பேனரில் நாயகனே காசைக் கொடுத்துவிட்டு "இவண்: அன்புத் தம்பிகள்" என்று போடச் சொல்கிறான். தம்பிகளுக்கே மறுநாள் அந்தப் பக்கம் போகும்போதுதான் தெரியும்.

அச்சுக்கூடம் | 15 மார்ச்

சரிதான், தம்பி. மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அதையும் பேனரே காட்டிக்கொடுத்துவிடும். நாயகன் படம் ஸ்டுடியோவில் எடுத்தது, வெள்ளைச் சட்டை கசங்காமல் இருக்கும். தம்பிகள் படம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கல்யாணத்தில் வெட்டியது. ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் கை மட்டும் மிச்சம் இருக்கும். ஒருவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம், பக்கத்தில் இருப்பவர் முகத்தில் நீலம். இப்படி இருந்தால் தம்பிகள் கடைக்கு வரவில்லை, ஒரே ஆள் அவர்கள் வாட்ஸப் முகப்புப் படங்களை எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று பொருள்.

வைகைக்கரை | 16 மார்ச்

அது இருக்கட்டும். நாயகன் முகமே சில பேனரில் மொசைக் தரை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிறதே, ஏன்?

அச்சுக்கூடம் | 16 மார்ச்

வாட்ஸப்பால் வந்த வினை. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்குக் (பிக்சல்) கொண்டுவந்துவிடும். குழுப் படமாக இருந்தால் அதில் ஒரு முகம் 200, 300 புள்ளிதான் தேறும். பேனரில் முகம் 3 அடி உயரம், அதாவது 36 அங்குலம். அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தால் 2592 வேண்டும். 300-ஐ 2592-ஆக இழுத்தால் மூக்கு படிக்கட்டாகத்தான் வரும்.

செய்ய வேண்டியது: படத்தை "டாகுமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். 30 அடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு அங்குலத்துக்கு 40 புள்ளி இருந்தாலே போதும், 72 கூடத் தேவையில்லை. இன்னொன்று, பெரும்பாலான மிஷினில் அச்சு அகலம் 3.2 மீட்டர், பத்தரை அடி. 20-க்கு 10 பேனர் ஒரே துண்டில் வந்துவிடும். 20-க்கு 12 கேட்டால் ஒட்டுப் போட வேண்டும். எங்கே ஒட்டு வருகிறது என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால் நாயகன் மூக்குக்குக் குறுக்கே தையல் விழும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. நாளை மறுநாள் வருகிறேன்.

அச்சுக்கூடம் | 19 மார்ச்

வைகைக்கரைக்கு. "இரண்டும் ஒன்றே" என்பது ஏன் தப்பு என்றால், பேனருக்குக் கணக்குப் பலகை கிடையாது. எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த விநாடியில் முகத்தைத் திருப்பினார்கள் என்று கட்டையில் எழுதியிருக்காது. கைபேசியில் எழுதியிருக்கிறது. எந்த எண்ணை எழுதிக் காட்டுகிறார்களோ அந்த எண்ணுக்கு ஏற்ப ஆள் வளைகிறார்.

யூடியூபை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடி பார்வை. 500 சந்தாதாரர், 90 நாளில் 3 பதிவு, 3,000 மணி அல்லது ஷார்ட்ஸில் 30 லட்சம் பார்வை என்று ஒரு கீழ்ப்படி 2023-ல் வந்தது. அதில் ரசிகர்கள் நேராகப் பணம் தருகிற வசதிகள்தான் கிடைக்கும். விளம்பரப் பங்கு கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "500 வந்தாச்சு, காசு எங்கே" என்று கேட்பவர்கள் ஏராளம்.

4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்த்தால் 80,000 பார்வை, 4 நிமிடம் நின்றால் 60,000 போதும். அதாவது ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கவைத்தால் 20,000 பேரைத் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு கணக்குதான் "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, ஸ்கிப் பண்ணாம பாருங்க" என்று எல்லாரையும் பேச வைக்கிறது. ஆள் நல்லவர்தான், கணக்கு அப்படி.

ஷார்ட்ஸில் 1 கோடியை 90-ஆல் வகுத்தால் தினம் 1,11,111. ஷார்ட்ஸ் ஊட்டத்தில், அதாவது தள்ளத் தள்ள வருகிற வரிசையில், ஓடுகிற நேரம் அந்த 4,000 மணியில் சேராது. இது தெரியாமல் 59 விநாடித் துண்டுகளாகவே போட்டுவிட்டு மணிக்கணக்கு ஏன் ஏறவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பங்கு: நீள வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பவருக்கு, ஷார்ட்ஸில் அவருக்கென்று ஒதுங்கிய தொகையில் 45.

பின்பெஞ்ச் | 20 மார்ச்

என் மச்சான் கேட்கிறார்: 200 பார்வையில் நிற்கிறது, என்ன செய்ய?

அச்சுக்கூடம் | 22 மார்ச்

மச்சானிடம் யூடியூப் ஸ்டுடியோவைத் (சேனல் கணக்கு பார்க்கிற இடம்) திறந்து இரண்டு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாவது, வீடியோவின் முகப்புப் படத்தைப் (தம்ப்நெயில்) பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் அழுத்தினார்கள். பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதம் வரை என்று யூடியூபே சொல்கிறது. 2-க்குக் கீழே என்றால் படத்தில் கோளாறு. வீடியோவைத் திட்ட வேண்டாம்.

இரண்டாவது, 30-வது விநாடியில் எத்தனை பேர் மிச்சம். இங்கே வரைபடம் செங்குத்துப் பாறை மாதிரி விழுந்தால் காரணம் பெரும்பாலும் "வணக்கம் நட்புகளே"தான். சுழல்கிற லோகோ 6 விநாடி, வணக்கம் 5 விநாடி, "புதுசா வந்திருந்தா பெல் பட்டனை" 9 விநாடி. 20 விநாடி வாசலிலேயே போயிற்று. முடிவை முதலில் காட்டுங்கள். தோசை வீடியோ என்றால் கல்லிலிருந்து எடுக்கிற தோசைதான் முதல் காட்சி. மாவு அரைப்பது அப்புறம். லோகோ வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து, கோபப்படுகிறவர்கள் கோபப்படலாம்.

முகப்புப் படம் 1280-க்கு 720. கணினியில் பெரிதாக வைத்துச் செய்கிறார்கள், பார்க்கிறவன் கைபேசியில் கட்டைவிரல் அகலத்தில் பார்க்கிறான். செய்து முடித்ததும் அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கீழ் வலது மூலையில் நேரக்கட்டம் வந்து உட்காரும், அங்கே எழுத்து வைத்தால் மறையும். தமிழுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. நம் சொற்கள் நீளம், மேலே கொக்கி, கீழே சுழி. மெல்லிய எழுத்துரு சுருங்கினால் "கு"வும் "சு"வும் ஒன்றாகிவிடும். மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், கனமான எழுத்துரு, வரிக்கு வரி இடைவெளி. பிளக்ஸ் கடையில் கற்றுக்கொள்ளலாம், அவர்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு எழுதிப் பழகியவர்கள்.

ஒரே வீடியோவுக்கு மூன்று முகப்புப் படம் வரை கொடுத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அது வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது அதிக அழுத்தலை வைத்து இல்லை, பார்வை நேரத்தில் எது அதிகப் பங்கு கொண்டுவந்தது என்பதை வைத்து. வாயைப் பிளந்த படம் அழுத்தலில் ஜெயித்து நேரத்தில் தோற்பது அடிக்கடி நடக்கும்.

அச்சுக்கூடம் | 22 மார்ச், சற்று நேரம் கழித்து

ரீல்ஸுக்கு 1080-க்கு 1920. கீழ் மூன்றில் ஒரு பங்கில் எழுத்து வைக்காதீர்கள், பெயரும் விளக்கமும் வந்து மூடும். வலது ஓரம் பொத்தான்களுக்கு. இந்த ஆண்டு ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் சதுரக் கட்டங்களை நெட்டைக் கட்டமாக்கியதில் பலர் அட்டைப் படத்தில் தலை வெட்டுப்பட்டது. முக்கியமானது நடுவில் இருக்கட்டும்.

ஏட்டுச்சுரைக்காய் | 27 மார்ச்

தமிழ் வாத்தியார் ஒருவன் குறுக்கிடலாமா? தற்பெருமைக்கு நம்மிடம் இலக்கணமே உண்டு. நன்னூல் பாயிரத்தில் இருக்கிறது. நூலாசிரியன் தன் நூலுக்குத் தானே பாயிரம் எழுதக் கூடாது. அவனுடைய ஆசிரியர், உடன் படித்தவன், மாணவன், உரைகாரன், இந்த நால்வரில் ஒருவர் எழுத வேண்டும். யாருக்கும் தோன்றாததைத் தோற்றுவித்துப் பல துறை முடித்தவனே ஆனாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதி இல்லை என்கிறது.

உடனே அடுத்த நூற்பாவில் விலக்கு. அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது, இந்த நான்கில் "தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே".

அச்சுக்கூடம் | 27 மார்ச்

வாத்தியாரே, இந்த இழையில் உருப்படியான பதிவு இதுதான்.

நான்கு விலக்கையும் அப்படியே பொருத்திப் பாருங்கள். ஓலை என்பது வேலைக்கு அனுப்புகிற விண்ணப்பம், லிங்க்டின் பக்கம். அறியாதவர் நடுவே என்பது புதுக் கடை போட்டவன் போடுகிற ரீல். வாதம், பழிச்சொல் இரண்டும் எக்ஸ் தளத்தில் தினப்படி நடப்பு. தகராறு எங்கே என்றால், இந்த நான்கும் எப்போதாவது வருகிற சந்தர்ப்பங்கள். தளமோ தினமும் பதிவு கேட்கிறது. தினமும் ஓலை தூக்க எந்த ராஜா இருக்கிறார்?

பாயிரம் எழுதும் நால்வர்தான் பேனரில் "இவண்" ஆகியிருக்கிறார்கள். இப்போது இன்ஸ்டாகிராமில் இருவர் பெயரில் ஒரே பதிவு போடும் "கொலாப்" வசதி, 2021-ல் வந்தது. உடன் படித்தவன் பாயிரம் அது.

ஏட்டுச்சுரைக்காய் | 28 மார்ச்

உடன் படித்தவன் பாயிரத்துக்கு ரேட் கார்டு அனுப்பியதாக நன்னூலில் இல்லை.

அச்சுக்கூடம் | 2 ஏப்ரல்

திருத்தம். 19-ஆம் தேதி எழுதியதற்குப் பிறகு ஷார்ட்ஸில் பார்வையை எண்ணும் முறை மாறிவிட்டது. மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே, திரும்ப ஓடினாலும், ஒரு பார்வை. இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போயிற்று. ஆகையால் எல்லாருக்கும் எண் திடீரென்று ஏறும். "என் சேனல் பிய்த்துக்கொண்டு போகிறது" என்று இனிப்பு வாங்கிவிட வேண்டாம். வருமானத்துக்கும் அந்த 1 கோடிக்கும் பழைய முறைப்படி எண்ணுவதே செல்லும், ஸ்டுடியோவில் அது தனி எண்ணாக இருக்கிறது. விளம்பரதாரரிடம் எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதைப் பாருங்கள். இனி பேரம் அங்கேதான்.

வைகைக்கரை | 8 ஏப்ரல்

ஆயிரம் ஃபாலோயர் இத்தனை ரூபாய் என்று விற்கிறார்களே, அது?

அச்சுக்கூடம் | 9 ஏப்ரல்

கூட்டத்துக்கு லாரியில் ஆள் கொண்டுவருவது மாதிரி. ஒரே வித்தியாசம், லாரியில் வந்தவர் பிரியாணி சாப்பிடும் வரையாவது உட்கார்ந்திருப்பார்.

கெடுதல் எப்படி நடக்கிறது என்றால், பதிவு போட்டதும் தளம் முதலில் சிலருக்குக் காட்டிப் பார்க்கும், அதில் உங்களைப் பின்தொடர்பவர்களும் இருப்பார்கள். 10,000 பேரில் 8,000 பேர் வெறும் கணக்குகள் என்றால் அவர்களிடமிருந்து அசைவே இருக்காது. "இவன் ஆட்களுக்கே பிடிக்கவில்லை" என்ற சமிக்ஞை போகும். வாங்கிய பிறகு வீச்சு குறைகிறது என்று புலம்பி, குறைந்ததைச் சரிக்கட்ட இன்னும் 10,000 வாங்குகிறார்கள். "நீ என்னை, நான் உன்னை" சப்ஸ்கிரைப் பண்ணுவதும் யூடியூப் விதிப்படி போலி ஈடுபாடுதான். அப்படி வந்த சந்தாதாரர்களைக் கூட்டி எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

விளம்பரம் கொடுக்கிற கடைக்காரர் பார்க்க வேண்டியவை: வளர்ச்சி வரைபடத்தில் படி மாதிரி ஒரே நாள் ஏற்றம் இருக்கிறதா. தேனி ஜவுளிக்கடைப் பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் பாதி வேற்று நாட்டவரா. கடைசி 12 ரீலின் பார்வையை வரிசையாக எழுதிப் பாருங்கள், ஒன்று 4 லட்சம், மற்றவை 900 என்றால் அந்த ஒன்றை மறந்துவிட்டு 900-க்கு விலை பேசுங்கள். கருத்துப் பெட்டியில் தீப்பொறிப் படமும் "சூப்பர்" மட்டுமே இருக்கிறதா, அல்லது "கடை எங்க, ஞாயிறு உண்டா" என்று யாராவது கேட்கிறார்களா. கடைசிக் கேள்வி ஒன்று கிடைத்தால் அது நூறு இதயத்துக்குச் சமம்.

நீல டிக்: 2023 ஏப்ரல் 20-ல் ட்விட்டர் பழைய டிக்குகளைப் பிடுங்கியதிலிருந்து அது சந்தா ரசீது. அதே ஆண்டு ஜூனில் மெட்டாவும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம்) இந்தியாவில் கைபேசி வழி மாதம் ரூ.699-க்குக் கொடுக்க ஆரம்பித்தது. மெட்டாவில் அரசு அடையாள அட்டை கேட்பதால் "இந்த ஆள் இந்த ஆள்தான்" என்பதற்கு அது பயன்படும். பெரிய ஆள் என்பதற்கு ஆகாது. கேட்காமலே "வெரிஃபைட் பிரபலம்" என்று அறிமுகம் செய்துகொள்கிறவரிடம் ரசீது தேதியைக் கேளுங்கள்.

பின்பெஞ்ச் | 19 ஏப்ரல்

அண்ணே, சாம்பாரில் சீஸ் போட்டவருக்கு 22 லட்சம் பார்வை. நல்ல சாம்பார் வைத்தவருக்கு 340. இதுக்கு என்ன சொல்றீங்க?

அச்சுக்கூடம் | 20 ஏப்ரல்

வேண்டுமென்றே போட்ட சீஸ், தம்பி. திருத்த வருகிறவன்தான் அங்கே சரக்கு. நூறு பாட்டிகள் "அடப்பாவி" என்று எழுதினால் நூறும் ஈடுபாட்டுக் கணக்கில் ஏறும்.

வகைகள் உண்டு. வெங்காயத்தைத் தோலோடு நறுக்குவது. ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்வது. தலைப்பில் எழுத்துப்பிழை. "வாழ்த்துக்கள்" என்று ஒரு க் சேர்த்துப் போட்டால் வாத்தியார் மாதிரி பத்துப் பேர் வருவார்கள் என்று தெரிந்தே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக்ஸில் அது தெரியாமல் வந்த பிழை, இங்கே அது முதலீடு.

"ஆமென் சொல்லுங்க", "தமிழன்னா ஷேர் பண்ணு" வகையை ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே தூண்டில் பதிவு என்று வகைப்படுத்திக் கீழே தள்ள ஆரம்பித்தது. ஓட்டுப்போடு, விருப்பம் போடு, பகிர், நண்பரைக் கோத்துவிடு, கருத்து எழுது என்று ஐந்து தூண்டில். அதனால்தான் இப்போது யாரும் நேராகக் கேட்பதில்லை. தப்பைச் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

எக்ஸில் கதை வேறு. 2023-ல் விளம்பரப் பங்கு தர ஆரம்பித்தபோது பதில்களுக்கு நடுவே வந்த விளம்பரத்தை வைத்துக் கணக்கு. பதில் குவிந்தால் காசு, பதில் குவிய சண்டை வேண்டும். அப்புறம் 2024 இறுதியில் சந்தா கட்டியவர்களின் ஈடுபாட்டைப் பொறுத்து என்று மாற்றினார்கள். சண்டை குறைந்ததா என்றால், டிக் வைத்தவர்கள் ஒருவருக்கொருவர் போடுகிற சண்டை கூடியது.

ஆனால் சீஸ் சாம்பாரால் தொழில் நடக்காது. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி இந்த ஆண்டுத் தொடக்கத்தில் மூன்றைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், விருப்பம், இன்னொருவருக்கு அனுப்பினார்களா. உங்களை இதுவரை பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்கு எடை கூடுதல். சீஸ் சாம்பாரைச் சிரிக்க அனுப்புவார்கள், சிரித்தவர்கள் மசாலாப்பொடி வாங்க மாட்டார்கள். நீங்கள் மசாலாப்பொடி விற்கிறவர் என்றால், அக்கா தங்கைக்கு அனுப்புகிற மாதிரி ஒன்று வேண்டும். உதாரணம்: "ஒரு கிலோ மல்லிக்கு மிளகாய் எவ்வளவு, காரம் குறைவாக வேண்டும் என்றால் எவ்வளவு". எழுதிவைத்துக்கொள்ளும்படியான அளவு இருந்தால் அது நகரும்.

அச்சுக்கூடம் | 5 மே

"இவண்" கதைக்குத் திரும்புகிறேன். ரீல்ஸில் கீழ்வரி இல்லை என்று முதல் நாள் சொன்னேன். விதியும் சட்டமும் அதைப் போடச் சொல்கின்றன, போடுகிறவர்தான் குறைவு.

விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி 2021 ஜூன் 14 முதல் நடப்பில். காசோ, பொருளோ, இலவசத் தங்கலோ, உறவோ எது இருந்தாலும் "விளம்பரம்" என்று காட்ட வேண்டும். வீடியோ 15 விநாடி அல்லது அதற்குக் குறைவு என்றால் குறைந்தது 3 விநாடி. அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் பொருளைப் பற்றிப் பேசுகிற பகுதி முழுக்க. ஒலி மட்டும் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டும். முப்பது ஹேஷ்டேக் நடுவே இருபத்தேழாவதாகப் புதைத்தால் செல்லாது. "மேலும்" அழுத்தினால்தான் தெரியும் என்றாலும் செல்லாது. தமிழ் வீடியோவில் "விளம்பரம்" என்றே எழுதலாம்.

2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் இதையே வழிகாட்டியாக வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தால் 10 லட்சம் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரை செய்யவே ஓராண்டு தடை, அப்புறம் மூன்றாண்டு வரை.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. 1961 வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் பிரிவு, 2022 ஜூலை 1 முதல் வந்தது. ஒரே நிறுவனத்திடமிருந்து நிதியாண்டில் ரூ.20,000-க்கு மேல் பொருளாக வந்தாலும் 10 சதவீதம் பிடித்தம். ரிவ்யூ செய்யக் கொடுத்த கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டால் வராது, வைத்துக்கொண்டால் வரும். "சும்மா கொடுத்தாங்க, அன்பளிப்பு" என்று கேமரா முன்னால் சொல்வதற்கு முன் ஆடிட்டரைக் கேட்கவும்.

வைகைக்கரை | 6 மே

அப்போ பேனருக்குச் சட்டமே இல்லையா?

அச்சுக்கூடம் | 6 மே

1959-லிருந்து இருக்கிறது, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மீது சரிந்து, விழுந்தவர் மேல் லாரி ஏறியது. அதற்குப் பிறகு கட்சிகளே தொண்டர்களை வைக்காதே என்றன. கொஞ்ச நாள் வைக்கவில்லை.

அதனால் முதல் நாள் நான் பேனருக்குப் பாடிய பாட்டை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரீல் யார் தலையிலும் விழாது.

ஏட்டுச்சுரைக்காய் | 17 மே

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி பற்றி யாரும் பேசவில்லையே.

அச்சுக்கூடம் | 18 மே

பேசலாம். இறந்தவர் படம் உள்ளங்கை அளவு, வருந்துகிறவர் படம் முழ அளவு. வருந்துகிறவர் சிரித்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் பிறந்தநாளுக்கு எடுத்த அதே கோப்பு.

இணையத்தில் இதன் வாரிசு "அவருடன் நான்" படம். பிரபலம் யாராவது போனால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் பழைய செல்பியைத் தோண்டி எடுக்கிறார்கள். எழுதுவதும் "2014-ல் என்னைப் பார்த்து, நீ நல்லா வருவேன்னு சொன்னார்". அஞ்சலி யாருக்கு என்று இரண்டாம் வாசிப்பில்தான் தெரியும்.

அஞ்சலி எழுதுகிறவருக்குச் சில வேலை. எழுதி முடித்ததும் "நான், என், என்னை" எத்தனை என்று எண்ணுங்கள், இறந்தவர் பெயரும் வினையும் எத்தனை என்று எண்ணுங்கள். முன்னது அதிகம் என்றால் திருப்பி எழுதுங்கள். படத்தில் உங்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் போடுங்கள். தோளில் உங்கள் கை மிச்சம் இருந்தால் பரவாயில்லை, பேனர்த் தம்பிகளுக்கு இருப்பதுதானே.

அன்னதான வீடியோவும் இதே குடும்பம். பொட்டலம் வாங்குகிறவர் முகத்தைக் காட்டாதீர்கள். கேமராவை, பொட்டலம் கொடுப்பவருக்குப் பின்னால் வைக்காமல் வாங்குகிறவருக்குப் பின்னால் வைத்தால் வாங்குகிறவர் முதுகும் கொடுக்கிறவர் முகமும் விழும். விளம்பரம் வேண்டியது கொடுக்கிறவருக்குத்தானே, அவர் முகமே தெரியட்டும். இப்படி வைக்கச் சொன்னால் பாதிப் பேர் வீடியோவே வேண்டாம் என்பார்கள். காரணம், கண் கலங்கிய முகம்தான் பார்வையை நிறுத்துகிறது, அது யாருடைய முகம் என்பதில்தான் விஷயமே.

பின்பெஞ்ச் | 20 ஜூலை

இழையைத் தூசி தட்டுகிறேன். மச்சான் இப்போ ஏஐ குரலில், யாரோ எடுத்த படங்களை ஓடவிட்டு, தினம் நாலு வீடியோ. முகமே காட்ட வேண்டாமாம்.

அச்சுக்கூடம் | 21 ஜூலை

தற்பெருமையில் "தன்"னையே எடுத்துவிட்டாரா. நன்னூலுக்கே சவால்.

15-ஆம் தேதியிலிருந்து யூடியூப் தன் பழைய விதிக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வார்க்கிற பதிவு என்பதை "உண்மைத்தன்மை இல்லாத பதிவு" என்கிறார்கள். ஏஐ குரல் என்பதற்காகவே தடை இல்லை. ஒரே டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றி மொத்தமாக இறக்குவதுதான் மாட்டும், மாட்டினால் ஒரு வீடியோவோடு போகாது, சேனல் முழுக்க வருமானம் நிற்கும். அடுத்தவர் படங்களை அப்படியே ஓட்டுவது தனி விதி, அதிலும் விழுவார். மச்சான் நாலை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றில் அவருக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். அவருக்கு என்ன தெரியும்?

பின்பெஞ்ச் | 21 ஜூலை

மோட்டார் காயில் கட்டுவார்.

அச்சுக்கூடம் | 21 ஜூலை

அதை விட்டுவிட்டா ஏஐ குரல்? ஒரு பக்கம் எரிந்த காயில், இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டியது, முதல் 3 விநாடி இது போதும். எந்த ஸ்லாட்டில் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, ஏன் எரிந்தது என்று வாயால் சொல்லட்டும். முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும். முடிவில் கடை இருக்கும் தெருவைச் சொல்லட்டும். 900 பேர் பார்த்தாலும் அதில் பம்பு எரிந்தவன் நாலு பேர் இருப்பான்.

வைகைக்கரை | 22 ஜூலை

என் குற்றச்சாட்டைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி இருக்கட்டும். இன்னொரு சின்ன விஷயம், வெட்கத்தோடு கேட்கிறேன். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். சொந்தக்காரர்கள் பேனர் போட்டுவிட்டார்கள், "வாழ்த்துக்கள்" என்று. அச்சாகி வந்துவிட்டது. இழை முழுக்கப் படித்துவிட்டு இதை வாசலில் கட்ட மனம் வரவில்லை.

அச்சுக்கூடம் | 22 ஜூலை

திரும்ப அச்சடிக்க வேண்டாம். க்-ஐ மட்டும் மறைத்தால் நடுவில் ஓட்டை விழும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் அதே நிறத்தில் "வாழ்த்துகள்" முழுச் சொல்லையும் வினைல் ஸ்டிக்கராக அடித்து மேலே ஒட்டச் சொல்லுங்கள். பிளக்ஸைத் தரையில் விரித்து, ஈரம் இல்லாமல் துடைத்து, ஒரு முனையிலிருந்து அட்டையால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் குமிழ் எழும்பும். வாசலுக்குள்ளேயே கட்டுங்கள், சாலைக்கு நீட்ட வேண்டாம்.

கீழே "இவண்" யார் பெயர் இருக்கிறது?

வைகைக்கரை | 22 ஜூலை

என் பெயர்தான். காசு அவர்கள் கொடுத்தார்கள்.